ஏழேழு வரைக்கும் ஒரு பாட்டு

எட்டேழு எவ்வளவு என்று திடீரென்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் பதில் சொல்வேன். கணக்கில் மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு எல்லாம் தண்ணீராக ஓடும். ஏழாம் வாய்ப்பாடும் ஏழேழு நாற்பத்தொன்பது வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே மட்டும் ஏதோ தட்டி நிற்கும். அதற்குக் காரணம் என் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். அவளுக்குத் தலை பின்னிவிடக்கூடத் தான் பழகிக்கொண்டதாக அப்பா பெருமையாகச் சொல்லுவார். கோணல் கோணலாகத்தான் பின்னுவாராம், ஆனாலும் அதை அவிழ்க்காமல் பள்ளிக்கூடம் போய்வருவாளாம் அத்தை. அவர்கள் இருவருக்கும் நடுவில் அப்படி ஒரு பாசம். இந்தக் கதையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் இதில் உள்ள கஷ்டமே.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். எங்கள் வீட்டின் பின்கட்டில் நான்கு விசைத்தறிகள் இருந்தன. நான்கும் சேர்ந்து ஓடினால் காது போய்விடும். வெளியூர்க்காரர்கள் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவார்கள், எதற்கு வாயைப் பொத்தினார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. எங்களுக்கு அது பழகிவிட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். அத்தைக்குத் தார் சுற்றும் வேலை. தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் நூலைச் சுற்றி அடுக்கி வைக்க வேண்டும். அதோடு தறிகளைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

அந்த வருஷங்களில் கரண்ட் சொல்லிவைத்தாற்போல் போகும். போனதும் நான்கு தறிகளும் ஒரே நேரத்தில் நிற்கும். திடீரென்று வீடு அமைதியாகிவிடும். அந்த அமைதியில்தான் நான் முதன்முதலாக அந்தப் பாட்டைக் கேட்டேன். தறி நின்றது தெரியாமல் அத்தை ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். சத்தத்துக்குள் எத்தனை நாளாகப் பாடிக்கொண்டிருந்தாளோ. வார்த்தை கிடையாது, வெறும் மெட்டுதான். இரண்டு வரி போகும். இரண்டாவது வரி கீழே இறங்கி வருகிற நேரத்தில், கத்தரித்துவிட்டதைப் போல நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மறுபடி அதே இடத்தில் நிற்கும்.

அதற்கு மேல் பாடச் சொன்னேன். அவ்வளவுதான் தெரியும் என்றாள். முழுப் பாட்டும் தெரியாமல் எதற்குப் பாட வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் இரண்டு நாளில் அந்த மெட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. கடலை மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டால் நாக்கு சும்மா இருக்குமா, அப்படித்தான். பல் விளக்கும்போது, ரிப்பன் கட்டும்போது, பிரேயரில் கண்ணை மூடி நிற்கும்போது எல்லாம் அதே இரண்டு வரி. முழுப் பாட்டு என்றால் பாடி முடித்துவிட்டுத் தூங்கலாம். இது முடியவே முடியாத பாட்டு. மூன்றாம் வகுப்பில் அப்போது ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. நான் அதை அந்த மெட்டில் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று கிளம்பி ஏழேழு நாற்பத்தொன்பதில் மெட்டு முடிந்துவிடும். எட்டேழுக்கு மெட்டு கிடையாது. டீச்சர் கேட்டபோது ஏழேழு வரைக்கும் ராகமாகப் பாடிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றேன். ஸ்கேலில் ஒரு அடி விழுந்தது.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து என் நெற்றியில் பூசிவிட்டாள். எங்கள் ஊரில் படை, சொறி, விஷக்கடி, வயிற்றுவலி எதற்கும் புற்றுமண்தான். பாட்டு பிடித்ததற்கு அதைப் பூசிய முதல் ஆள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். மூன்று நாள் பூசினாள். நான்காம் நாள் அடுப்படியில் அம்மாவே அந்த இரண்டு வரியை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். அதற்குப் பிறகு வைத்தியத்தை விட்டுவிட்டாள்.

ஆடி பிறந்து கோயிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. ஊர் முழுக்கக் குழாய் ரேடியோ கட்டினார்கள். எங்கள் தெரு முனையில் கட்டியதில் ஓர் அம்மன் பாட்டு வந்தது. எங்கள் வீட்டுப் பாட்டின் அதே மெட்டு. அப்பாவுக்கு அதைக் கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தன் தங்கை இத்தனை நாளும் கோமதி அம்மனைத்தான் பாடிக்கொண்டிருந்தாள் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அத்தையிடம் கேட்டதற்கு அவளும் ஆமாம், அந்தப் பாட்டுதான் என்று நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு மட்டும் திருப்தி இல்லை. அம்மன் பாட்டு இரண்டாவது வரியில் மேலே ஏறும். அத்தையின் பாட்டு கீழே இறங்கி நிற்கும். ஒரே ஜாடையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளை வாத்தியார் மாற்றிக் கூப்பிடலாம், கூட விளையாடுகிறவளுக்குத் தெரியாதா? நேரே மைக் செட் போடுகிற அண்ணாச்சியிடம் போய், அத்தை பாடுவதைப் பாடிக் காட்டினேன். அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். இன்னொரு தடவை பாடச் சொன்னார்.

"ரெண்டும் ஒரே மெட்டுதாம்மா. ஆனா நீ பாடுதது சினிமாப் பாட்டு. அதுலருந்து எடுத்துத்தான் அம்மனுக்குப் போட்டிருக்கான்" என்றார்.

அதைப் போடுங்கள் என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, அது காதல் பாட்டு, கோயில் காரியத்தில் அதைப் போட்டால் தன்னை ஊரை விட்டே விரட்டிவிடுவார்கள், தபசு முடிந்ததும் வா என்றார். தபசு முடிந்த மறுநாள் போனேன். குழாயையும் ஆளையும் காணவில்லை, வேறு ஊர்க் கோயில் கொடைக்குப் போய்விட்டார்.

வீட்டில் அப்போது இன்னொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. ராயகிரியிலிருந்து அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை உரக்கடை வைத்திருந்தார். அவர்களுக்கு அத்தையைப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. அத்தை மட்டும் வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை கறுப்பா என்றால் இல்லை, ஊர் தூரமா என்றால் இல்லை, இன்னும் படிக்க வேண்டுமா என்றால் அதுவும் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான். அம்மா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதும், "எனக்கு ஒண்ணும் தோணலை மைனி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தார் சுற்றப் போய்விட்டாள். அப்பா சாப்பாட்டில் கைவைத்துக்கொண்டு யோசித்தபடி உட்கார்ந்திருப்பார். தங்கை மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாதது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் எங்கள் மூன்றாம் நம்பர் தறிக்கும் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனது. மற்ற மூன்றும் ஒழுங்காக ஓடும், இது மட்டும் வாரத்துக்கு ஒருமுறை படுத்துக்கொள்ளும். படுத்தால் தறி மெக்கானிக் அண்ணன் வர வேண்டும். அவருக்குப் போன் போடுவது அத்தையின் பொறுப்பு. அப்பாவுக்குப் போன் என்றாலே ஆகாது. வீட்டுக்கு ஒரே போன், அதையும் பின்கட்டு ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் வெளியே போவார். அந்த அண்ணன் மொபெட்டில் பையை மாட்டிக்கொண்டு வருவார். அதிகம் பேச மாட்டார். எனக்கு விளையாட வாஷர்கள் தருவார், நான் அவற்றை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். அத்தை டீ கொடுப்பாள். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். இவ்வளவுதான் நான் பார்த்தது.

இல்லை, இன்னொன்றும் பார்த்தேன். ஒருநாள் அத்தை மூன்றாம் நம்பர் தறியின் தோல்வாரைக் கத்தரிக்கோலால் பாதி நறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, பழசாகப் போய்விட்டது, எப்படியும் அறுந்துதான் போகும், நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்றாள். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அத்தைக்கு எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி ஆடி வெள்ளியன்று அம்மாவும் அத்தையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அப்பாவும் நானும்தான் வீட்டில். மூன்றாம் நம்பர் தறி உண்மையிலேயே பழுதாகி நின்றது. அப்பா கையெல்லாம் எண்ணெயாக்கிக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. போதாததற்குக் கரண்டும் போய்விட்டது. வேறு வழியில்லாமல் என்னைப் போனை எடுத்துவரச் சொல்லி, மெக்கானிக் நம்பரைப் போடச் சொன்னார். கையில் எண்ணெய் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தறியின் மேல் வைக்கச் சொன்னார்.

மணி அடிக்கவில்லை. பாட்டு வந்தது. அந்தக் காலத்தில் நாம் கூப்பிடுகிற ஆள் போனை எடுக்கும்வரை நம் காதில் அவருக்குப் பிடித்த பாட்டு ஓடும் அல்லவா, அதுதான். நான் துள்ளிக் குதித்தேன்.

"அப்பா, அத்தை பாட்டு" என்றேன்.

"அவ பாடுதது அம்மன் பாட்டுட்டி. இது ஏதோ சினிமாப் பாட்டு."

"இல்லப்பா, அம்மன் பாட்டு மேல போகும். அத்தை பாட்டு இதுதான். இப்பம் கீழ வரும், வந்து இங்கன நின்னுரும் பாருங்க" என்று விரலை நீட்டினேன்.

விரல் நீட்டிய இடத்தில் பாட்டு நின்றது. கையைத் துணியில் துடைத்துவிட்டு அந்த அண்ணன் போனை எடுக்க எப்போதும் அவ்வளவு நேரம்தான் ஆகும் போலிருக்கிறது. நின்ற வேகத்தில் போனுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"சொல்லுட்டி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண்ணை 'ட்டி' போட்டுக் கூப்பிட வேண்டுமென்றால் பெற்றவர்களாக இருக்க வேண்டும், கூடப் பிறந்தவர்களாக இருக்க வேண்டும், கட்டியவனாக இருக்க வேண்டும். என்னை அப்படிக் கூப்பிட வீட்டில் அப்பா அம்மாவுக்குத்தான் உரிமை. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால்கூட எனக்குக் கோபம் வரும். இந்த அண்ணன் போய் மீசை வைத்த என் அப்பாவை 'ட்டி' என்கிறாரே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பாவும் சிரிப்பார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் தறியின் மேலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அண்ணாச்சி பேசுதேன்" என்றார் அப்பா. "ஒண்ணுமில்ல வே. தறி நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லி, எண்ணெய்க் கையோடேயே போனை அணைத்தார்.

தறி ஓடவில்லையே அப்பா என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

அத்தை கோயிலிலிருந்து வந்ததும் நானே ஓடிப்போய் வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், பாட்டு நின்ற இடத்தையும், அப்பாவை 'ட்டி' என்றதையும். சொல்லச் சொல்ல எனக்கு மறுபடி சிரிப்பு வந்தது. அத்தை கையிலிருந்த குங்குமத்தை என் நெற்றியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். என்மேல் அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அன்றைக்கும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இத்தனை வருஷம் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. தங்கையிடம் ஒரு கேள்விதான் கேட்டார், அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள், முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான் பேச்சு.

"நல்ல பையன்தான், யாரு இல்லைங்கா? நம்ம ஆளு இல்லையே. நாளைக்கு நம்ம ஆளுகளுக்கு என்ன பதில் சொல்ல?" என்றார் அப்பா.

"உங்க தங்கச்சிக்கு என்ன பதில் வச்சிருக்கீய?" என்று கேட்டாள் அம்மா. அப்பா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த அண்ணனைப் பார்க்கத்தான் போனார் என்று பிற்பாடு தெரிந்தது. என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு மிரட்டத் தெரியாது. கெஞ்சியிருப்பார். தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தான் வளர்த்த கதையைச் சொல்லியிருப்பார், பின்னல் கதையைக்கூடச் சொல்லியிருப்பார். மிரட்டியிருந்தால் அந்த அண்ணன் எதிர்த்து நின்றிருப்பாரோ என்னவோ. கெஞ்சினால் யார்தான் என்ன செய்ய முடியும்? மறுவாரத்திலிருந்து புளியங்குடியிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் வந்து ஒருதடவை சரிசெய்ததோடு மூன்றாம் நம்பர் தறி படுக்கவே இல்லை. புது மெக்கானிக்கின் கைராசி என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தபடியே அந்த மெட்டை முணுமுணுத்தார். அவரையும் அது பிடித்துவிட்டது. சட்டென்று தன் வாயைத் தானே கேட்டுவிட்டு நிறுத்தினார். நிறுத்தியது அதே இடம்தான். நான் கைதட்டினேன். அவர் துணியை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அத்தைதான் பாடுவதை நிறுத்தியிருந்தாள். கரண்ட் போனால் வீடு முழுக்க அமைதியாக இருந்தது. போன் பழையபடி ஜன்னலிலேயே கிடந்தது. மதியம் அப்பா நெய்த சேலைக்கட்டுகளைக் கடையில் போட்டுவரப் போனதும், அத்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். பேசுவது கேட்காது. கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகு போனை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து உட்காருவாள். நாலைந்து நாள் இப்படி நடந்தது. ஒருநாள் கரண்ட் போனபோது அவள் கைராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். மெட்டு மறுபடி வந்தது. முதல் வரி, இரண்டாவது வரி, கீழே இறங்கி, நிற்க வேண்டிய இடம் வந்தது. பாட்டு நிற்கவில்லை. அப்படியே தாண்டி மூன்றாவது வரிக்குப் போய், சுற்றி வளைத்துக்கொண்டு, முதலில் தொடங்கிய இடத்தில் வந்து அழகாக முடிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை மாசம் என்று இருந்தது. ஓடிப்போய் அவள் மடியில் விழுந்தேன்.

"முழுசாத் தெரிஞ்சிருச்சா அத்தை?" என்று கேட்டேன்.

"ஆமா மக்கா. இப்பந்தான் முழுசாக் கேட்டேன்" என்றாள்.

அத்தையை ராயகிரிக்குத்தான் கொடுத்தோம். மாமா நல்ல மனிதர், உரக்கடை இப்போது இரண்டாகிவிட்டது, மகன்கள் இருவரும் முறை வைத்து என்னை மைனி மைனி என்று சுற்றிவருவார்கள். அத்தை சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள், சீரியல் பார்த்து அழுகிறாள், எல்லோரையும் போலத்தான் இருக்கிறாள். அவளைப் போனில் கூப்பிட்டால் பாட்டு எதுவும் வராது, வெறும் மணிதான் அடிக்கும். முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். யார் கூப்பிட்டாலும் காத்திருக்க வைக்க மாட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது, பாட்டு முழுசான அன்றைக்கு மறுநாள் நடந்ததை. வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். எட்டேழுக்கு எனக்கு இப்போது மெட்டு இருந்தது. ஒன்பதேழுக்கும் பத்தேழுக்கும் இருந்தது. நிற்காமல் பாடி எழுபதில் கொண்டுபோய் முடித்தேன். டீச்சர் வகுப்பையே கைதட்டச் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கப் பாடியபடியே வீட்டுக்கு ஓடி, தார் சுற்றிக்கொண்டிருந்த அத்தையின் முன்னால் நின்று, உன் பாட்டால்தான் எனக்குக் கைதட்டு கிடைத்தது என்றேன். அத்தை என் முகத்தையே பார்த்தாள். பாடிக் காட்டு மக்கா என்றாள். கையைக் கட்டிக்கொண்டு ஓரேழிலிருந்து தொடங்கினேன். ஏழேழு நாற்பத்தொன்பது வந்தபோது அவள் கை ராட்டையில் அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை. குரலை இன்னும் உயர்த்தி எட்டேழு ஐம்பத்தாறு என்று தாண்டிப் போனேன். போனை எடுக்க ஆளில்லாவிட்டால்தான் அந்தப் பாட்டு முழுசாகக் கேட்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.